பத்து மணிக்குப் பிறகு எதுவும் கூடாது

2014 மார்ச் 11, செவ்வாய்க்கிழமை. காலை 5.10க்கு எழுந்தேன். 6.25க்குக் குவார்ட்டர்ஸை விட்டுக் கிளம்பி 6.40க்கு மருத்துவமனைச் சமையலறையில் இருந்தேன். அன்றைய எண்ணிக்கை: சாதாரண உணவு 84, சர்க்கரை நோய் உணவு 31, உப்புக் குறைத்தது 12, திரவ உணவு 9. ஒரு இட்லியை எடுத்து எடை பார்த்தேன், 52 கிராம். சாம்பாரை ருசி பார்த்துப் பதிவேட்டில் கையெழுத்திட்டேன். 7.30க்குத் தள்ளுவண்டிகள் வார்டுகளுக்குக் கிளம்பின. 8.50க்கு என் அறைக்கு வந்து, செவ்வாய்க்கிழமை கல்லீரல் நோயாளிகளுக்கான கோப்புகளை டோக்கன் வரிசைப்படி அடுக்கினேன்.

இது என் நாட்குறிப்பிலிருந்து எடுத்தது. நெய்வேலி நகரியத்தில் உணவு ஆலோசகராக இருபத்தொன்பது ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டு, 2018இல் விருப்ப ஓய்வு பெற்றேன். என் இருக்கையில் இப்போது இருக்கும் பெண் சென்ற மாதம் தொலைபேசியில் கூப்பிட்டாள். உணவுத் தாள்களையெல்லாம் கணினிக்கு மாற்றுகிறார்களாம். ஒவ்வொரு வேளைக்கும் மணி போட்டால்தான் அந்தக் கணினி அடுத்த கட்டத்துக்குப் போகிறதாம். "உங்க கல்லீரல் தாள்ல ஒரு இடத்துலகூட மணியே இல்லையே மேடம், மறந்துட்டீங்களா?" என்று கேட்டாள். மறக்கவில்லை. எழுதி அனுப்புகிறேன் என்றேன்.

படித்த காலத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. மனையியல் பட்டம், பிறகு சென்னையில் ஒரு பெரிய மருத்துவமனையில் ஓராண்டுப் பயிற்சி. கல்லீரல் கெட்டு நினைவு தடுமாறும் நோயாளி வந்தால் பருப்பு, முட்டை, பால் எல்லாவற்றையும் உடனே நிறுத்து, சர்க்கரைத் தண்ணீர் மட்டும் கொடு என்று அங்கே சொல்லிக் கொடுத்தார்கள். அதைக் குறிப்பேட்டில் எழுதிச் சிவப்பு மையால் இரண்டு கோடு போட்டு வைத்திருந்தேன். அந்தக் கோடு பல ஆண்டுகள் என் தலைக்குள்ளேயே இருந்தது.

எங்கள் தலைமை மருத்துவரை டாக்டர் தேவசகாயம் என்று இங்கே வைத்துக்கொள்கிறேன். ஒல்லியான மனிதர். குரல் எழும்பாது. நோயாளியிடம் "என்னய்யா, எப்படி இருக்க?" என்பார், எங்களிடமும் சாதாரணமாக "வாம்மா, போம்மா" என்றுதான் பேசுவார். அவருக்குக் கோபம் வந்தால் மரியாதை கூடிவிடும். வாக்கியத்துக்கு வாக்கியம் "ங்க" வந்து ஒட்டிக்கொள்ளும். அந்த "ங்க" காதில் விழுந்தால் நர்ஸ்கள் மூச்சை அடக்கிக்கொள்வார்கள்.

அவருக்கு ஒரு வழக்கம் இருந்தது. ஹெபடைடிஸ் நோயாளிகள் ஒவ்வொரு முறை வரும்போதும் ஒரு வெள்ளைத் தாளைக் கொடுத்து, பெயர், வேலை செய்யும் பிரிவு, வீட்டு முகவரி மூன்றையும் அவர்கள் கையாலேயே எழுதச் சொல்வார். எழுதப் படிக்கத் தெரியாதவர்களை ஒரு வீடு வரையச் சொல்வார். எதற்கு என்று சொல்ல மாட்டார். தேதி போட்டுக் கோப்பில் சேர்ப்பது என் வேலை. முகவரி மாறியிருக்கிறதா என்று பார்க்கிறார் என்றுதான் நெடுநாள் நினைத்திருந்தேன்.

செவ்வாய்க்கிழமைக்காரர்கள் பெரும்பாலும் பி வகை, சிலர் சி வகை. தண்ணீரால் வரும் காமாலை சில வாரங்களில் வந்து போய்விடும். இந்த இரண்டும் அப்படியில்லை. ஆண்டுக்கணக்கில் உடம்பிலேயே இருக்கும், சிலருக்குக் கல்லீரலைச் சுருக்கிவிடும். வருகிறவர்களுக்கு நோயைவிடச் சோற்றைக் கண்டுதான் பயம். காமாலை என்ற சொல்லைக் கேட்ட உடனேயே எண்ணெய் போகும், உப்பு போகும், மீன் போகும், முட்டை போகும். மாதக்கணக்கில் கஞ்சியும் மோருமாக இருந்துவிட்டு, கன்னம் ஒட்டிப்போய் என் முன்னால் உட்கார்வார்கள். அவர்களைத் திரும்பச் சாப்பிட வைப்பதுதான் என் முதல் வேலை. பருப்பு, முட்டை, மீன், பால், காய், கீரை எல்லாம் சாப்பிடலாம், சாப்பிட வேண்டும். சாராயம் ஒரு சொட்டுகூடக் கூடாது. யாரோ பொட்டலம் கட்டிக் கொடுக்கும் சூரணத்தை டாக்டரைக் கேட்காமல் தொடக் கூடாது. பூசணம் பிடித்த வேர்க்கடலையைக் கழுவி வறுத்தாலும் ஆகாது, தூக்கிப் போட வேண்டும். கால் வீக்கம், வயிற்றில் நீர் இருந்தால் மட்டும் உப்பைக் குறைக்க வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. நல்ல கல்லீரல் ராத்திரிக்கென்று சர்க்கரையைச் சேமித்து வைக்கும். சுருங்கிய கல்லீரலில் அந்தச் சேமிப்பு சீக்கிரம் தீர்ந்துவிடும். அதற்குப் பிறகும் பட்டினி நீண்டால் உடம்பு தன் சதையையே கரைத்துச் சமாளிக்கும். ஆகவே, "பட்டினி நேரம் நீளக் கூடாதும்மா, படுக்கப் போறதுக்கு முன்னாடி ஏதாவது சாப்பிடணும்" என்று டாக்டர் சொன்னார். அதை வைத்து 2011இல் நான் ஒரு தாள் தயாரித்தேன்.

காலை 8.00, இட்லி மூன்று. 11.00, சுண்டல். மதியம் 1.00, சாப்பாடு. மாலை 4.30, முட்டை அல்லது பயறு. இரவு 8.00, சப்பாத்தி மூன்று, பருப்பு. 10.00, பால், ரொட்டி இரண்டு. கிராம் கணக்கோடு, கட்டம் கட்டமாக நானே தட்டச்சு செய்தேன். நடு ராத்திரியில் கேன்டீன் பஜ்ஜியும் பரோட்டாவும் சாப்பிடுகிற பழக்கம் பலருக்கு இருந்ததால், கடைசிக் கட்டத்தின் கீழே ஒரு வரியை என் பொறுப்பில் சேர்த்தேன்: "பத்து மணிக்குப் பிறகு எதுவும் கூடாது." டாக்டர் கையெழுத்திட்டார். அந்தத் தாளைப் பற்றி எனக்குக் கொஞ்சம் பெருமை இருந்தது.

கலியமூர்த்தி நெய்வேலியை ஒட்டிய வடக்குத்து ஊரில் சொந்த வீடு கட்டியிருந்தார். நாற்பத்தாறு வயது. நெடுநாள் ஒப்பந்தத் தொழிலாளியாக இருந்து பெர்மனென்ட் ஆனவர். சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட் பிரிவு. ரத்த தான முகாமில் ரத்தம் கொடுக்கப் போய், உங்கள் ரத்தம் வேண்டாம் என்று திருப்பி அனுப்பப்பட்டு, அப்படித்தான் பி வகை இருப்பது தெரிந்தது. கல்லீரல் ஏற்கெனவே சுருங்கத் தொடங்கியிருந்தது. ஜனவரி 7 அன்று தாளைக் கொடுத்தேன். எடை 61.5. சாப்பிடுவதையெல்லாம் எழுதி வர ஒரு நாற்பது பக்க நோட்டும் கொடுத்தேன்.

அவர் மனைவி செல்வராணி கூட வந்திருந்தார். பையிலிருந்து ஒரு எவர்சில்வர் டம்ளரை எடுத்து அவருக்குத் தண்ணீர் கொடுத்தார். டம்ளரின் அடியில் நகப்பூச்சால் ஒரு சிவப்புப் புள்ளி. சேர்ந்து சாப்பிடுவதால் இது தொற்றாது, பிளேடு, பல் துலக்கும் பிரஷ் மட்டும் தனியாக இருக்கட்டும், உங்களுக்கும் பிள்ளைகளுக்கும் தடுப்பூசி போட்டுக்கொள்ளுங்கள் என்று விளக்கினேன்.

"தெரியுங்க மேடம். டாக்டரும் சொன்னாரு. மனசு ஒத்துக்குது, கைதான் கேக்க மாட்டேங்குது" என்றார்.

கலியமூர்த்தி சிரித்தார். "எனக்குத் தனித் தட்டு, தனி டம்ளர். மாமியார் வூட்டுக்கு வந்த மாப்பிள்ள கணக்கா இருக்கேன் மேடம்."

பிப்ரவரி 11 அன்று டாக்டர் விடுப்பில் இருந்தார். கலியமூர்த்தி நைட் ஷிப்ட் முடிந்து நேராக வந்திருந்தார், நோட்டு வீட்டில் இருந்தது. கொட்டாவி விட்டுக்கொண்டே இருந்தார். வெள்ளைத் தாளைக் கொடுத்தேன். பேனாவைப் பிடித்தபடியே கண்ணை மூடிவிட்டார். பாவம், தூங்கட்டும் என்று பெயரையும் முகவரியையும் நானே எழுதித் தேதி போட்டுக் கோப்பில் வைத்தேன். எடை 59.2. பக்கத்தில் "நைட் ஷிப்ட்" என்று காரணம் எழுதினேன். இந்த ஊரில் எந்தத் தெருவிலும் பகலில் பாதி வீடுகளில் ஒருவர் தூங்கிக்கொண்டிருப்பார். பகலில் தூங்குவதை யாரும் நோய் என்று நினைக்க மாட்டோம். நானும் நினைக்கவில்லை.

மார்ச் 11, காலை 9.50. கலியமூர்த்தியை இரண்டு பக்கமும் தாங்கிக் கூட்டி வந்தார்கள். ஒரு பக்கம் செல்வராணி. இன்னொரு பக்கம் அவரோடு வேலை செய்யும் பஷீர், பண்ருட்டிக்காரர். கலியமூர்த்தி சட்டையை உள்வெளியாகப் போட்டிருந்தார். யாரையும் அடையாளம் தெரிந்த மாதிரி இல்லை.

"மேடம், இவரு குடிக்கலைங்க" என்றுதான் பஷீர் பேச்சைத் தொடங்கினார். "பத்து வருசமா கூட வேல செய்றேன். தீபாவளிக்குக்கூட ஒரு மூடி ஊத்துனது கெடையாது. பஸ் டிரைவரு பாத்துட்டு ஃபுல்லா போட்டுகினு வந்திருக்கான்னு சொல்லிட்டாரு. வேல நேரத்துல குடின்னு எழுதிட்டா போச்சு, சஸ்பெண்டு."

காலையில் ஷிப்ட் பஸ் வடக்குத்தில் நின்றபோது இவர் இறங்கவில்லை. பஸ் ஷெட்டுக்குப் போன பிறகு பார்த்தால் கடைசி இருக்கையில் உட்கார்ந்திருக்கிறார். பெயர் கேட்டால் சிரித்திருக்கிறார். அவர் செல்போனில் கடைசியாகப் பேசியிருந்த எண் பஷீருடையது என்பதால் அவரைக் கூப்பிட்டிருக்கிறார்கள்.

டாக்டர் வந்து குனிந்து கலியமூர்த்தியின் மூச்சை முகர்ந்தார். இரண்டு கைகளையும் முன்னால் நீட்டி, மணிக்கட்டை மேலே மடக்கச் சொன்னார். சொல்லிப் புரியாததால் தானே பிடித்து மடக்கிவிட்டார். கைகள் படபடவென்று கீழே விழுந்து விழுந்து எழுந்தன. பிறகு ஒரு வெள்ளைத் தாளை வைத்து, "பேரு எழுதுய்யா" என்றார். கலியமூர்த்தி "கலி" என்று எழுதினார். அதற்குப் பிறகு "லி லி லி" என்று எழுதிக்கொண்டே போனார். வரி சரிந்து சரிந்து தாளின் ஓரத்தைத் தாண்டி மேசைமேல் போயிற்று. அப்போதுதான் அந்த வெள்ளைத் தாள்கள் எதற்கென்று எனக்குப் புரிந்தது. பிப்ரவரித் தாளில் இருந்தது என் கையெழுத்து.

விரலில் குத்திப் பார்த்ததில் ரத்தத்தில் சர்க்கரை 51. குளுக்கோஸ் ஏற்றத் தொடங்கினார்கள். மலம் கழித்து எத்தனை நாளாயிற்று என்று டாக்டர் கேட்டார். "நாலு நாளா இல்லைங்க" என்றார் செல்வராணி. "பகலெல்லாம் தூங்கிகினே இருந்தாரு. நைட் ஷிப்டுன்னா தூங்குறதுதானேன்னு வுட்டுட்டேன் டாக்டரு." கல்லீரல் கெட்டவர்களுக்குக் குடலில் தேங்கும் நஞ்சு மூளைக்கு ஏறும்; டாக்டர் குடலைச் சுத்தம் செய்யும் மருந்தை எழுதினார்.

அவர் எழுதிக்கொண்டிருந்தபோது பஷீர் என்னை வராந்தாவுக்கு வரச் சொன்னார்.

"மேடம், ஒண்ணு சொல்லணும். நாலு மணி இருக்கும். பெல்ட்டு நின்னுகினு இருந்துச்சு. இவரு கம்பியத் தாண்டி உள்ள போயி பெல்ட்டு மேல உக்காந்திருக்காரு, பஸ்ஸுக்குக் காத்திருக்கிறாப்ல. திரும்பப் பெல்ட்ட எடுக்கப் போறாங்க, சைரன் அடிக்குது. நான் கத்துறேன். என்னத் திரும்பிப் பாத்துச் சிரிக்கிறாரு. எழுந்திரிக்கல."

"அப்புறம்?"

"ஓரத்துல ஒரு கயிறு ஓடும். இழுத்தா பெல்ட்டு கெளம்பாது. அத இழுத்துட்டு, போயி சட்டையப் புடிச்சு இழுத்தேன். கிழிஞ்சிருக்கும்னு கழட்டிப் பாத்துட்டு, திரும்ப உள்வெளியாப் போட்டுகினாரு."

"ஏன் அப்பவே யாருகிட்டயும் சொல்லல?"

"சொன்னா குடின்னுதானே மேடம் எழுதுவாங்க? வூட்டுக்குப் போயித் தூங்குனா சரியாயிடும்னு நெனச்சிட்டேன்."

நான் உள்ளே வந்து டாக்டரிடம் அதை அப்படியே சொன்னேன். அவர், குடிபோதை இல்லை, நோயினால் வந்த நினைவுத் தடுமாற்றம் என்று முதலில் ஒரு சான்று எழுதிப் பஷீர் கையில் கொடுத்தார். பிறகு என்னைப் பார்த்தார். ஏதாவது செய்ய வேண்டும் என்ற பதற்றத்தில், "பருப்பு, முட்டையெல்லாம் நிறுத்திடவா சார்?" என்றேன். பயிற்சிக் காலத்துச் சிவப்புக் கோடு.

"எதுக்கு? இருக்குற சதையும் போறதுக்கா? நினைவு வந்ததும் கொடுங்க. கொஞ்சம் கொஞ்சமா, அடிக்கடி." பிறகு, "அவரு எழுதுற நோட்டைக் கொடுங்க" என்றார்.

இரண்டு "ங்க". நோட்டைச் செல்வராணியிடமிருந்து வாங்கிக் கொடுத்தேன். என்னிடம் வந்த நோட்டுகளிலேயே அதுதான் மிகச் சுத்தமானது. ஜனவரி கையெழுத்து திருத்தமாக இருந்தது. பிப்ரவரி பாதியிலிருந்து எழுத்து பெரிதாகி வரியை விட்டு இறங்கியிருந்தது. கடைசி வாரம் செல்வராணியின் கையெழுத்து. டாக்டர் ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார்.

"நோட்டு ரொம்ப நல்லா இருக்குங்க. இந்த பத்து மணிப் பாலுக்கு அப்புறம் என்னங்க இருக்கு?"

பார்த்தேன். இரவு 10.00, பால், ரொட்டி இரண்டு. அதற்கு அடுத்த வரி மதியம் 2.00, சாப்பாடு. முந்தைய நாளும் அப்படியே. அதற்கு முந்தைய நாளும் அப்படியே.

"காலை எட்டு மணி இட்லி?" என்று செல்வராணியைக் கேட்டேன்.

"அப்பத் தூங்கிடுவாருங்க. எழுந்திரிக்க ரெண்டு மணி ஆயிடும். நேரம் தாண்டிப் போச்சு, இனிமே அந்த இட்லியத் திங்கக் கூடாதும்பாரு. ராத்திரி வேலைலயும் ஒண்ணும் தொடறதில்ல. பஷீர் அண்ணன் டீ வாங்கிக் குடுத்தாக்கூட வேணாம்னுடுவாராம். அதான் மேடம், நீங்க பேப்பர்ல போட்டிருக்கீங்களே, பத்து மணிக்கு மேல எதுவும் கூடாதுன்னு."

ராத்திரி பத்து மணியிலிருந்து மறுநாள் இரண்டு மணி வரை. பதினாறு மணி நேரம். அதில் எட்டு மணி நேரம் பெல்ட்டை ஒட்டி நடந்து பார்க்கிற வேலை. உடம்பு சரியில்லாதது கூட வேலை செய்கிறவர்களுக்குத் தெரியக் கூடாது என்று, ஆட்கள் குறைவாக இருக்கும் நைட் ஷிப்டையே ஜனவரி நடுவிலிருந்து கேட்டு வாங்கியிருந்தாராம். எட்டு வாரம். அன்று அவர் எடை 57. கடைகளும் பள்ளிகளும்கூடச் சுரங்க ஷிப்டை அனுசரித்து நடக்கிற ஊரில், ஷிப்ட் தொழிலாளிக்கு, தூங்கும் நேரத்தையே கேட்காமல், கடிகாரம் பார்த்துச் சாப்பிடு என்று எழுதிக் கொடுத்திருந்தேன். அவர் ஒரு வரியைக்கூட மீறவில்லை.

"மலச்சிக்கல் ஒரு காரணம், பட்டினி ஒரு காரணம், எது எவ்வளவுன்னு பிரிச்சுச் சொல்ல முடியாது" என்றார் டாக்டர். பிறகு என் உணவுத் தாளின் அடியில் விரலை வைத்து, "கையெழுத்து என்னுதும்மா" என்றார். "ங்க" போயிருந்தது. எனக்கு அதனால் பயம் குறையவில்லை. ஏனென்றால் அதற்குள் அடுத்த கேள்வி எனக்குள் வந்துவிட்டது: இந்தத் தாளை வேறு யார் யாருக்குக் கொடுத்திருக்கிறேன்?

கலியமூர்த்தியைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். மூன்றாம் நாள் மனைவியை அடையாளம் கண்டார். ஒன்பதாம் நாள் வீட்டுக்குப் போனார். சான்று இருந்ததால் நடவடிக்கை எதுவும் வரவில்லை. பெல்ட்டை விட்டு ஸ்டோர்ஸில் பகல் வேலைக்கு மாற்றினார்கள். பெல்ட்டின் மேல் உட்கார்ந்தது அவருக்கு நினைவில் இல்லை. பஷீரும் நானும் அவரிடம் சொல்லவில்லை. நான் ஓய்வு பெறும்போதும் செவ்வாய்க்கிழமை தவறாமல் வந்துகொண்டிருந்தார், எடை 63.

அன்று நண்பகல் 12.15க்கு அறைக் கதவைச் சாத்திக்கொண்டு பதிவேட்டை எடுத்தேன். 2011 முதல் அந்தத் தாளைப் பெற்று இன்னும் வந்துகொண்டிருந்தவர்கள், கலியமூர்த்தியைத் தவிர, 31 பேர். அவர்களில் ஷிப்டில் வேலை செய்பவர்கள் 19. ஒவ்வொரு பெயராகத் தொலைபேசியில் கூப்பிட்டேன். "பத்து மணி வரிய அடிச்சிடுங்க. விழிச்சிருக்கும்போது மூணு நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவ ஏதாவது சாப்பிடுங்க. தூங்கப் போறது எந்த நேரமா இருந்தாலும், அதுக்கு முன்னாடி சாப்ட்டுட்டுப் படுங்க." ஒருவர், "அப்ப இத்தன நாளு?" என்று கேட்டார். வரியை அடித்துவிட்டாரா என்று மறுபடி கேட்டுவிட்டு அடுத்த எண்ணைப் போட்டேன். மாலை 5.40 வரை பதினெட்டுப் பேர் கிடைத்தார்கள்.

பத்தொன்பதாவது பெயர் முருகவேல். அனல் மின் நிலையத்தில் கொதிகலன் பகுதி, தனியாகக் குவார்ட்டர்ஸில் இருப்பவர். கல்லீரல் சுருக்கம் கலியமூர்த்தியைவிட அதிகம். அந்த வாரம் நைட் ஷிப்ட். ஆறு முறை கூப்பிட்டேன். செல்போன் அணைத்து வைக்கப்பட்டிருந்தது. வீட்டுக்கு நேரில் போனேன். பூட்டியிருந்தது. எங்கேயோ உறவினர் வீட்டு விசேஷம், அங்கிருந்தே வேலைக்குப் போவார் என்றார்கள் பக்கத்து வீட்டில். அவர் பிரிவுக்குத் தொலைபேசி செய்து தகவல் சொல்லலாம் என்று ரிசீவரை எடுத்தேன். அவருக்கு இந்த நோய் இருப்பது அங்கே யாருக்கும் தெரியாது. யாரிடமும் சொல்லக் கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தார். அவசரம், பேசச் சொல்லுங்கள் என்று மட்டும் சொல்லி, என் வீட்டு எண்ணைக் கொடுத்துவிட்டு வைத்தேன். அவர் கூப்பிடவில்லை. அன்றைய நாட்குறிப்பில் கடைசி வரி: "முருகவேல், இல்லை."

மார்ச் 12, புதன்கிழமை. சமையலறைக்குப் போகவில்லை. வேலைக்குச் சேர்ந்த நாள் முதல் அதுதான் முதல் தடவை. வீட்டில் இட்லி ஊற்றி, நான்கை டப்பாவில் வைத்து, ஒரு அவித்த முட்டையும் வைத்து, அவர் தெருமுனையில் ஷிப்ட் பஸ் நிற்கும் இடத்துக்கு 6.15க்குப் போய் நின்றேன். 6.32க்குப் பஸ் வந்தது. பதினோரு பேர் இறங்கினார்கள். அவர் இல்லை. டிரைவர் வண்டியை எடுக்கப் போனபோது, பின் படியில் ஒரு கை கம்பியைப் பிடித்தது. முருகவேல் மெதுவாக, ஒவ்வொரு படியாகப் பார்த்து இறங்கினார்.

"முருகவேல், என்னத் தெரியுதா?"

சற்று நேரம் பார்த்தார். "டயட் மேடம்தானே? இங்க என்ன மேடம்?"

"கடைசியா எப்பச் சாப்ட்டீங்க?"

"நேத்து பத்து மணிக்கு. பால், ரொட்டி ரெண்டு." அவர் முகத்தில் ஒரு திருப்தி. "அதுக்கப்புறம் ஒண்ணும் தொடல மேடம். கூட இருக்கறவங்க போண்டா குடுத்தாங்க, வேணாம்னுட்டேன்."

டப்பாவைத் திறந்து அவர் முன்னால் நீட்டினேன். அவர் அதைப் பார்த்தார், கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"மணி ஆறரைதானே மேடம் ஆவுது? எட்டு மணிக்குத்தானே இட்லி?"

நான் ஒரு இட்லியைப் பிட்டு அவர் கையில் வைத்தேன்.